தண்ணி ஊசி

எங்கள் பக்கத்தில் ஊசி போடாத டாக்டரை யாரும் டாக்டராக ஒத்துக்கொள்வதில்லை. மாஜிஸ்திரேட் அம்மா, நீங்கள் வெளியூர் என்று கேள்விப்பட்டேன், அதனால் சொல்கிறேன். புதூர்ப் பக்கமிருந்து இரண்டு பஸ் மாறிக் கோவில்பட்டிக்கு வருகிறவர், நாலு மாத்திரையை மட்டும் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பினால் வீட்டில் முதல் கேள்வி ஊசி போட்டாரா என்பதுதான். இல்லை என்றால் டாக்டர் சரியில்லை. அடுத்த வாரம் வேறு டாக்டர்.

என் பெயர் மாயகிருஷ்ணன். வயது ஐம்பத்தாறு. டாக்டர் சௌந்தரபாண்டியன் ஆஸ்பத்திரியில் முப்பத்தொரு வருஷமாகக் கம்பவுண்டர். யாரும் மிரட்டினார்களா என்று கேட்டீர்கள். இல்லை, டீ வாங்கிக் கொடுத்தார்கள். நான் சொல்வது எனக்கு எதிராகவே நிற்கும் என்பதையும் இரண்டு தடவை எடுத்துச் சொன்னீர்கள். வாயால் சொன்னால் எனக்குக் கோர்வையாக வராது, எழுதித் தருகிறேன் என்றதற்குச் சம்மதித்தீர்கள். நன்றி.

ஊசி விஷயத்தை முதலில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. உடம்பில் ஒன்றுமே இல்லாமல் அசதி, மேல்வலி என்று வருகிறவர்களுக்கு டாக்டர் என்னைப் பார்த்துக் கண்ணைக் காட்டுவார். நான் உள்ளே போய் டிஸ்டில்டு வாட்டரை ஏற்றிக்கொண்டு வருவேன். தண்ணி ஊசி. அதைப் போட்டதும் இடுப்பைத் தடவிக்கொண்டே எழுந்து, "மாயண்ணன் கை ராசி" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். பாதிப் பேருக்கு உண்மையிலேயே வலி நின்றுபோயிருக்கும். நான் அதை ஏமாற்று என்று நினைத்ததே இல்லை. மருந்து செய்கிற வேலையை என் கை செய்தது.

ஒரே ஒரு தடவை விஷயம் வெளியே போனது. ஒரு பருத்தி வியாபாரிக்கு ஆறு மாதமாகத் தண்ணி ஊசியில் முதுகுவலி நின்றிருந்தது. புதிதாக வந்த நர்சுப் பெண் விளையாட்டாக அவரிடம் சொல்லிவிட்டாள். மறுநாள் அவருக்குப் பழைய வலி ஒன்றுக்கு இரண்டாக வந்துவிட்டது. பஸ் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் என் சட்டையைப் பிடித்தார். அன்றைக்கு நான் படித்த பாடம், போட்டது தண்ணி என்று போட்டுக்கொண்டவரிடம் எந்தக் காலத்திலும் சொல்லக் கூடாது என்பது.

இனி என் மகள். பிரித்திகா எங்களுக்கு ஒரே பிள்ளை. எங்கள் வம்சத்தில் ஆட்டுக்குப் பின்னால் போகாத முதல் ஆள் நான். அவள் வெளியூரில் ஒரு மெடிக்கல் காலேஜில் படித்தாள். ரயிலில் மூன்று மணி நேரம். அவள் ஹவுஸ் சர்ஜன் ஆன அன்றே வாசல் சுவரில் 'டாக்டர் பிரித்திகா' என்று பளிங்குக்கல் பதித்துவிட்டேன். புதூர்ப் பக்கத்தில் எங்கள் சொந்த ஊர்க் கோவில் கொடைத் திருவிழாவுக்கு அடித்த ஃபிளக்ஸிலும் அவள் படம்தான் பெரிது.

போன பங்குனியில் ஒரு வார லீவில் வந்தாள். கரிசல் வெடித்துக் கிடக்கிற வெயிலில் முழுக்கைச் சட்டை போட்டிருந்தாள். அவள் அம்மா ராதாமணி, காலேஜ் நாகரிகம் என்று நினைத்துக்கொண்டாள். நான் முப்பத்தொரு வருஷம் நரம்பு தேடிப் பிழைத்தவன்.

"கையைக் காட்டு தாயி."

"என்னத்துக்குப்பா?"

"காட்டு."

காட்டினாள். முழங்கை மடிப்பில் வரிசையாக ஊசித் தழும்பு. அவள்தான் பேசினாள், பெரிய டாக்டரிடம் கேஸ் சொல்கிற மாதிரி நிதானமாக.

"ரெண்டாவது வருஷம் பரீட்சைக்கு முழிச்சிருக்க மாத்திரை போட்டோம்பா. எங்க ஹாஸ்டல்ல பாதிப் பேரு போட்டாவ. பெறவு தூக்கம் வரலைன்னு வேற ஒண்ணு. ஹவுஸ் சர்ஜன் ஆன புதுசுல ஒரு நாளு கை நடுங்கி, தையல் போட முடியலை. வார்டுல மிஞ்சின வலி ஊசியில கொஞ்சம் போட்டேன். நடுக்கம் நின்னுட்டு. இப்ப அது இல்லாம நிக்க முடியலை."

ராதாமணி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"காலேஜ்ல சொல்லிருதேன்பா," என்றாள் பிரித்திகா. "எங்க மேடம் நல்லவிய. ஆறு மாசம் லீவு போட்டு, இதுக்குன்னு இருக்க வார்டுல சேந்து சரி பண்ணிட்டு வந்தா திரும்ப எடுத்துக்கிடுவாவ. எனக்கு முந்தி ரெண்டு பேரு அப்படி வந்து, இப்ப நல்லா இருக்காவ."

அவள் சொன்னது நியாயம்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஆறு மாதம் அவள் எங்கே போனாள் என்று இந்த ஊர் கேட்காமல் விடுமா? ஒருத்தர் கண்டுபிடித்தால் போதும், ஊர் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. அந்தப் பளிங்குக்கல்லை நான் எந்த முகத்தோடு தாண்டிப் போவேன்? எனக்குப் பயமாக இருந்தது. அதைப் பயம் என்று அப்போது நான் சொல்லவில்லை. வெள்ளாட்டுக் குட்டிக்குப் பால் மறக்கடிக்க நாங்கள் ஒரு நாளும் டாக்டரைக் கூப்பிட்டதில்லை. நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வந்தால் அதுவாகவே மறந்துவிடும். இதுவும் அப்படித்தான் என்றேன். என் கையாலேயே குறைத்துக் குறைத்து நிறுத்திவிடுகிறேன், காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும் என்றேன்.

ராதாமணி, "அவ சொல்லுத மாதிரியே செய்வோம்ங்க," என்று இரண்டு தடவை சொன்னாள். நான் பிரித்திகாவைப் பார்த்து, "அப்பா கையில நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டேன். அவள் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டு, சரிப்பா என்றாள்.

காலேஜுக்கும் ஊருக்கும் மஞ்சள் காமாலை என்று சொன்னோம். எங்கள் பக்கத்தில் அது கௌரவமான நோய், யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஒரே தொல்லை, ஆளுக்கொரு கொத்துக் கீழாநெல்லியோடு வந்துவிடுவார்கள். வந்தவர்கள் மனம் கோணக் கூடாதென்று பிரித்திகா எல்லா வீட்டுக் கீழாநெல்லியையும் மோரில் கலக்கிக் குடித்தாள். அவள் அப்படிப்பட்ட பெண்.

மருந்து எங்கே கிடைத்தது என்று இன்ஸ்பெக்டர் பலமுறை கேட்டார். இப்போது சொல்கிறேன். எங்கள் ஆஸ்பத்திரிப் பின்னறையில் வள்ளித்தாய் என்று ஓர் அம்மாள் கிடந்தார். கர்ப்பப்பையில் புற்று, முற்றிப்போனது. அவருக்குக் காலையும் மாலையும் அதே வலி ஊசி. டாக்டருக்கு எழுபத்தெட்டு வயது, கை நடுக்கம். மருந்து பீரோச் சாவி என்னிடம்தான் இருந்தது. வள்ளித்தாய்க்கு வந்ததை நான் வீட்டுக்குக் கொண்டுபோனேன். வள்ளித்தாய்க்குத் தண்ணி ஊசி போட்டேன்.

அந்த அம்மாளுக்கு என் கையில் நம்பிக்கை அதிகம். முதல் மூன்று நாள் தாங்கிக்கொண்டார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "ஏலே மாயா, உன் கை ராசி போயிட்டாடே?" என்று கேட்டார். நோய் கூடக்கூட வலியும் கூடத்தான் செய்யும் என்று டாக்டரிடம் சொன்னேன். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவருக்கு எழுபத்திரண்டு வயது, என் மகளுக்கு இருபத்து மூன்று. யார் யோசித்தாலும் இப்படித்தான் யோசித்திருப்பார்கள். பின்னறைக் கதவை மட்டும் சாத்தியே வைக்கச் சொன்னேன், சத்தம் வெளியே வரும் என்பதால்.

பிரித்திகாவுக்கு முதல் வாரம் அவள் போட்டுவந்த அளவு. அடுத்த வாரம் முக்கால். மூன்றாவது வாரம் பாதி. ஒவ்வொரு தடவையும் அளவை அவளிடம் சொல்லித்தான் குறைத்தேன். அடுப்படியில் ஏற்றிக்கொண்டு வருவேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டுவாள். இரண்டு மாதம் பாதியிலேயே நின்று, பிறகு கால், பிறகு நிறுத்துவது என்று பேசிவைத்திருந்தோம். அவளே ஒரு தாளில் கட்டம் போட்டு எழுதிக் கொடுத்தாள். வைத்தியம் நன்றாகத்தான் போனது. இருபத்தோராம் நாள் வள்ளித்தாய் செத்துப்போனார்.

அதோடு மருந்து வருவது நின்றது. வெளியே வாங்க எனக்கு வழி தெரியாது, தெரிந்தாலும் தைரியம் கிடையாது. இனி காலேஜில் சொல்ல வேண்டியதுதான் என்று சைக்கிளை மிதித்துக்கொண்டே நினைத்தேன். வீட்டுக்குப் போனேன். அவள் தலையை வாரிக்கொண்டு, வெளுத்த முகத்தில் கொஞ்சம் சிரிப்போடு உட்கார்ந்திருந்தாள். அடுப்படிக்குப் போனேன். பையில் டிஸ்டில்டு வாட்டர் இருந்தது.

நாலு நாள் படாத பாடு பட்டாள். வாந்தி, பேதி, காலை மடக்கி நீட்ட முடியாத வலி. நான் லீவு போட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். துணியை நனைத்துத் துடைத்துவிட்டேன். இரண்டாம் நாள் கேட்டாள்.

"அப்பா, மருந்து மாறிட்டா?"

"அதே மருந்துதான் தாயி. அதே பாதிதான். ஊரெல்லாம் வைரல் காய்ச்சல்."

"டாக்டருக்குப் படிச்சவகிட்டயே வைரல்னு சொல்லுதீங்க," என்று சிரிக்கப் பார்த்தாள். முடியவில்லை. ஆனால் நம்பிவிட்டாள். ஐந்தாம் நாள் எழுந்து இட்லி சாப்பிட்டாள். பத்தாம் நாள் மாடியில் துணி காயப்போட்டாள். முகத்தில் ரத்தம் ஊறியது. அவ்வளவும் தண்ணி. என் வாழ்நாளில் அந்த நாட்களில் இருந்த சந்தோஷம் எனக்கு எப்போதும் இருந்ததில்லை. அவளுக்கு முந்தின இரண்டு பேர் ஆறு மாதம் வார்டில் கிடந்து வாங்கியதை நான் வெறும் கையால் வாங்கிவிட்டேன்.

லீவு முடிந்தது. நாற்பது நாளில் கடைசிப் பத்தொன்பது நாளும் தண்ணி ஊசி. கிளம்புவதற்கு முந்தின நாள் அவள் தன் கட்டத்தாளை எடுத்துவைத்துக்கொண்டு, "நான் இப்ப பாதியிலதானப்பா இருக்கேன்?" என்றாள். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். பருத்தி வியாபாரி நினைப்பு வந்தது. சொன்னால் விட்ட வலியெல்லாம் ஒன்றுக்கு இரண்டாக அவளைப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்கு உறுதியாகத் தோன்றியது. வள்ளித்தாயைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். அவள் அதைத் தாங்க மாட்டாள்.

"ஆமா தாயி, பாதியிலதான் இருக்க," என்றேன்.

பத்து நாளைக்குச் சின்னச் சின்னக் குப்பிகளில் தண்ணியை அடைத்து, ஒவ்வொன்றிலும் வேளை எழுதி, டிபன் பாக்ஸில் பஞ்சு வைத்துக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் ஏறினாள். ஜன்னலில் கையை நீட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க கை ராசிதான்பா," என்றாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை. எங்கள் ஆஸ்பத்திரிக்கு விடுமுறை. காலை பத்து மணி இருக்கும், நான் தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ராதாமணி பக்கத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். போன் வந்தது. கையில் சட்னி என்பதால் ஸ்பீக்கரில் போடச் சொன்னேன். இசக்கிதுரை பேசினான். மணியாச்சிப் பையன். அவன் அப்பா ரயில்வேயில் தண்டவாள வேலை. பிரித்திகாவோடு முதல் வருஷத்திலிருந்து கூடப் படிக்கிறவன், எங்கள் வீட்டில் வந்து சாப்பிட்டிருக்கிறான்.

"அங்கிள், பிரித்திகா விஷயம் எனக்குத் தெரியும், எங்கிட்ட மட்டும் சொல்லியிருக்கா. நேத்து ஹாஸ்டல்ல திடீர்னு செக்கிங் வந்துட்டு. பயந்துபோயி நீங்க குடுத்துவிட்ட மருந்தையெல்லாம் வாஷ்பேசின்ல ஊத்திட்டா. நேத்து சாயங்காலமும் போடலை, இன்னிக்குக் காலையிலயும் போடலை. இன்னிக்கு டூட்டி. வேளை தவறுனா பழையபடி நடுக்கம் வந்துரும்னு பயப்படுதா. நீங்க வந்து சேருத வரைக்கும் ஒரே ஒரு வேளைக்கு வார்டுல இருந்து எடுத்துக் குடுன்னு கேக்கா."

"ம்."

"எனக்கு மனசே இல்ல அங்கிள். மேடத்துக்கிட்ட போவோம்னு சொன்னேன், அழுதா. இத்தன நாளு அப்பா பட்ட பாடு வீணாப் போயிரும்னு சொல்லுதா. அதான் உங்ககிட்ட கேட்டுட்டுக் குடுப்போம்னு. பாதின்னு சொல்லுதா. பாதி சரிதான அங்கிள்?"

உளுந்து புடைக்கிற சத்தம் நின்றது.

அம்மா, இந்த இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது என்றுதான் இன்ஸ்பெக்டரிடம் முதலில் சொன்னேன். அது பொய். புற்றுநோய்க்காரர்களுக்கு ஊசி போட்டவன் நான். இடையில் சில நாள் விட்டுப்போனால் பழைய அளவை உடம்பு தாங்காது, அடியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும், இல்லாவிட்டால் மூச்சு நின்றுவிடும் என்று டாக்டர் எனக்குப் பல வருஷத்துக்கு முன்பே சொல்லியிருக்கிறார். அது எனக்கு அந்த நிமிஷம் ஞாபகம் இருந்தது. தண்ணி என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ராதாமணி பக்கத்தில் இருந்தாள். பையன் அதைப் பிரித்திகாவிடம் சொல்வான். கம்பவுண்டர் மகளைத் தண்ணியைக் கொடுத்து ஏய்த்திருக்கிறான் என்று ஹாஸ்டல் முழுக்கத் தெரியும். மருந்து எங்கே போனது என்று கேட்பார்கள். நாற்பது நாள் வைத்தியம் ஒரு வார்த்தையில் கலைந்துபோகும். கொஞ்சம் அதிகமாகத் தூங்குவாள், ஆஸ்பத்திரிதானே, சுற்றிலும் டாக்டர்கள்தானே என்று நினைத்தேன்.

"சரிதான் தம்பி," என்றேன். "பாதிதான்."

பிறகு கையைக் கழுவிவிட்டு மதுரை வழியாகப் போகிற பஸ் எத்தனை மணிக்கு என்று பார்த்தேன். பதினொன்றேகாலுக்கு இருந்தது. அதில்தான் கிளம்பினேன். வழியிலேயே அடுத்த போன் வந்துவிட்டது.

டூட்டி ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு போட்டிருக்கிறாள். இசக்கிதுரை இருபது நிமிஷம் கழித்துத் தட்டியிருக்கிறான். அவனே கதவை உடைத்து, அவனே நெஞ்சை அழுத்தி, அவனே தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது காரிடாரில் தரையில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து, "பாதிக்கு மேல ஒரு சொட்டு குடுக்கலை அங்கிள்," என்றான். அவன் தோளில் கை வைத்தேன். அன்று மாலை போலீசில் அவன் பெயரை எழுதிக் கொடுத்தேன். என் போனில் அவன் கூப்பிட்ட பதிவையும் அழித்தேன்.

என்னிடம் கேட்டுத்தான் கொடுத்ததாக அவன் முதல் நாளிலிருந்தே சொன்னான். தப்பிக்கப் பொய் சொல்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பனிடம் யார் போய் இதைக் கேட்பார்கள்?

அவன் அம்மா முத்துசெல்வி கேட்டாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் மணியாச்சியிலிருந்து வந்தாள். உள்ளே வரவில்லை, வாசற்படிக்கு வெளியே நின்றாள்.

"அண்ணாச்சி, உங்க வீட்டுல எழவு கெடக்கு, நான் வந்து கேக்கது தப்புதான். எம் புள்ள உங்ககிட்ட கேட்டேன்னு சொல்லுதான். அவன் பொய் பேச மாட்டான். கேட்டானா இல்லையான்னு மட்டும் சொல்லிருங்க, நான் போயிருதேன்."

"எங்கிட்ட யாரும் கேக்கலை," என்றேன்.

முத்துசெல்வி ராதாமணியைப் பார்த்தாள். ராதாமணி என்னைப் பார்த்தாள். பிறகு அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தாள்.

அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் ராதாமணி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அந்தப் பையன் கேட்டான். நீங்க சரின்னீங்க. நானும் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன். சரியான அளவைத்தான சொன்னீங்க? பெறவு என்னத்துக்கு இல்லைன்னு சொல்லுதீங்க?"

நான் விளக்குத் திரியைத் தூண்டினேன்.

"சரியான அளவுதானங்க?"

அவளுக்குப் படிப்பு இல்லை. ஆனாலும் என் முகத்தை முப்பது வருஷமாகப் பார்க்கிறவள். கொஞ்ச நேரத்தில் எழுந்து அடுப்படிக்குப் போனாள். மேல் தட்டில் நான் மூட்டை கட்டி வைத்திருந்த காலிக் குப்பிகளை எடுத்துவந்து என் முன்னால் கொட்டினாள். "இதுல என்ன எழுதியிருக்கு, வாசிங்க," என்றாள். வாசித்தேன். பாதியில் மருந்தின் பெயர், மீதியில் டிஸ்டில்டு வாட்டர். ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் வாசிக்கச் சொன்னாள். முடித்ததும் மாற்றுச்சேலை ஒன்றை மடக்கிப் பையில் வைத்துக்கொண்டு, போலீஸ் ஸ்டேஷனுக்கு நடந்தே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. என் போன் கணக்கைக் கம்பெனியிலிருந்து வரவழைத்தது அவள் சொன்ன பிறகுதான் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார்.

இசக்கிதுரையை விட்டுவிடுங்கள். முப்பத்திரண்டு நாளாக உள்ளே இருக்கிறான், காலேஜிலும் நீக்கிவிட்டார்கள் என்று கேள்வி. அவன் கொடுத்தது பாதிதான், அவன் சொல்வது அத்தனையும் நிஜம். அவன் மேல் தப்பே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். டாக்டருக்குப் படிக்கிறவன் ஒரு கம்பவுண்டர் பேச்சை அப்படியே நம்பலாமா? ஆனால் அது சட்டத்தில் குற்றம் இல்லை என்று நினைக்கிறேன்.

வள்ளித்தாயின் மருந்தை நான் எடுத்தேன். என் மகளுக்குத் தெரியாமல் அவளுக்குத் தண்ணியைப் போட்டேன். பாதி மருந்து அவளைக் கொல்லும் என்று தெரிந்தே பாதி என்று சொன்னேன். இவை மூன்றையும் ஒத்துக்கொள்கிறேன்.

ஒன்றே ஒன்று அம்மா. பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர், பழக்கப்பட்ட உடம்பு இந்த அளவுக்குச் சாகாதே, எப்படி என்று விளங்கவில்லை என்று எழுதியிருக்கிறாராம். இன்ஸ்பெக்டர் படித்துக் காட்டினார். அவருக்கு இப்போது விளங்கும். அவள் உடம்பு அந்த மருந்தை மறந்தே போயிருந்தது. அந்த ரிப்போர்ட்டை இனித் திருத்தி எழுதுவார்களா என்று தெரியவில்லை. எழுதினால், செத்துப்போகும்போது என் மகளுக்கு அந்தப் பழக்கம் பூரணமாகக் குணமாகியிருந்தது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.